துவக்கில் இருந்த முத்திரைகள்

நாம் முதல் நியமனம் பெற்றுச் சென்றது புத்தளம் மாவட்டத்துக் காட்டோரக் கிராமமொன்றிற்கு. பாடசாலைக்கு அயலிலிருந்த தென்னந்தோட்டத்து முதலாளியின் விறாந்தையிற் பழைய துவக்கொன்று தொங்கியது. "மாஸ்டர், இது விக்டோரியா மகாராணி எங்கள் பாட்டனாருக்கு அன்பளிப்பாய்க் கொடுத்தது, கிரீடத்தைப் பாருங்கள்" என்பார் அவர். ஊரார் அதனை நம்பினர். தோட்டத்துக் காவற்காரரும் நம்பினார். அவருடைய தகப்பனாரே அந்தத் துவக்கைச் சுமந்து, இரவிரவாகக் காட்டுப்பன்றி துரத்தியவர்.

"கிரீடம் இருந்தால் ராணி கொடுத்ததா?" என்று மாணவனொருவன் நம்மைக் கேட்டான். தமிழாசிரியராகிய நமக்கு விடை தெரியவில்லை. நூல்களைத் தேடிப் படித்தபின், முதலாளியின் சம்மதத்துடன் துருவைத் துடைத்துப் பார்த்தோம்.

குழலின் அடியிற் பக்கவாட்டாகத் திறக்கும் மூடி, அது 1866இல் ஆங்கிலப் படை ஏற்றுக்கொண்ட ஸ்னைடர் வகையென்பதைக் காட்டிற்று. பூட்டுத் தகட்டிற் கிரீடமும் 'வீ.ஆர்.' என்னும் எழுத்துக்களும் இருந்தன. அவை அரசின் உடைமையைக் குறிப்பனவேயன்றி, அன்பளிப்பைக் குறிப்பனவல்ல. கட்டையில் மூன்று கோடுகளாலான அம்புக்குறி. அதன்கீழ் ஆங்கில 'ஐ' எழுத்து. அம்பு பிரித்தானியப் படைக்கலங்களின் அடையாளம். 'ஐ' இந்தியாவைச் சுட்டுவது. அருகே முனையோடு முனை முட்டிய இரண்டு அம்புகள்: படைக்கு வேண்டாமென விற்றுவிட்டதற்குச் சான்று. குழலில் பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் முத்திரை, அதிலும் கிரீடமுண்டு. 1813இல் நிறுவப்பட்ட அச்சாலை, பொதுமக்கள் வாங்கும் துவக்குகளையும் சோதித்து முத்திரையிட்டது. ஆகவே, கிரீடத்தை மாத்திரம் கண்டு படைத்துவக்கெனத் துணிதல் தவறு; அம்பையே தேடவேண்டும். குழலின் உட்புறத்து வரிகளைக் கடைந்து நீக்கிச் சன்னத் துவக்காக்கியவன் ஒரு வியாபாரி.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர், ஆங்கிலச் சிப்பாயின் துவக்கிலும் ஒருபடி தாழ்ந்ததையே இந்தியச் சிப்பாய்க்குக் கொடுப்பது ஆட்சியாளரின் வழக்கமாயிற்று. 1870களில் ஆங்கிலச் சிப்பாய்க்கு மார்ட்டினி-ஹென்றி கிடைத்தபோது, அவன் கழித்த ஸ்னைடர் இந்தியச் சிப்பாயிடம் போயிற்று. அங்கும் கழிக்கப்பட்டதே விலைப்பொருளாகி இக்காட்டோரத்தை வந்தடைந்தது.

இதைச் சொன்னதும் முதலாளியின் முகம் கறுத்தது. "புத்தகத்தில் எல்லாம் சரியாயிருக்குமா, மாஸ்டர்?" என்று உள்ளே போய்விட்டார். காவற்காரர் மாத்திரம் படலைவரை நம்முடன் வந்தார்.

"மகாராணியின்ர துவக்கு, நிலத்தில வைக்கப்படாதெண்டு சொல்லி வைச்சிருந்தாங்கள், மாஸ்டர். எங்கட அப்பு மழைக்குள்ளயும் அதைத் தோளிலேயே வைச்சிருந்தார்" என்றார்.

நமக்கு மறுமொழி வரவில்லை. உடைமையைக் குறிக்க இட்ட முத்திரையை அருளின் முத்திரையென வாசிக்கும்படி அம்மனிதர் பழக்கப்பட்டார். அவ்வாசிப்பினால் இலாபமடைந்தவர் வேறொருவர். மறுநாள் வகுப்பிலே அம்புக்குறியைக் கரும்பலகையில் வரைந்து, மாணவனின் கேள்விக்கு விடை கூறினோம். எழுத்தறிவித்தலே நம் தொழிலாயின், இத்தகைய எழுத்துக்களை அறிவித்தலும் அத்தொழிலின் பாற்பட்டதேயன்றோ!