மான்மயிரும் மலர்த்தொடையும்

கனடாவுக்குச் சென்று மீன்தூண்டில் கட்டக் கற்று வந்தேன் என்று நான் வகுப்பிலே கூறியபோது மாணவர் சிரித்தனர். புலால் உண்ணாத ஆசிரியருக்கும் தூண்டிலுக்கும் என்ன உறவு என்பது அவர்களுடைய வினா. நியாயமான வினாவே. அதற்குரிய விடை ஒரு பாடவேளைக்குள் அடங்காதது. ஆதலால் இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணன் 1987ஆம் ஆண்டிலே, தமது இருபதாவது வயதில், ஊரைவிட்டுப் புறப்பட்டார். அப்பொழுது எனக்கு வயது எட்டு. சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையிலேதான் அவரைக் காண ரொறன்ரோ நகருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவருடைய வீட்டின் நிலக்கீழறையில் ஒரு பழைய மேசை. அதன் விளிம்பிலே ஒரு சிறிய வைஸ். அதன் பிடியிலே ஒரு தூண்டில் முள். அருகே மயிரோடு கூடிய மான்தோற் துண்டு, வான்கோழி இறகு, அணில்வால், பொன்னிறச் சரிகை முதலியன பரந்து கிடந்தன.

"இது என்னண்ணை?" என்று வினவினேன்.

"ஈ கட்டிறன் தம்பி" என்றார் அவர்.

ட்ரவுட் என்பது குளிர்ந்த ஓடுநீரில் வாழும் மீன். நீர்ப் பூச்சிகளும் சிறு மீன்களும் அதற்கு உணவு. அவற்றின் சாயலாக, மயிராலும் இறகாலும் நூலாலும் முள்ளின்மேல் கட்டப்படும் போலியுருவத்தையே 'ஈ' என்பர். நம் நாட்டிலும் 1880களில் ஆங்கிலேயர் இம்மீனை நுவரெலியாப் பகுதி ஓடைகளிலே கொண்டுவந்து விட்டனர். ஆகவே, ஈத்தூண்டில் என்பது தோட்டத்துரைமாரின் ஆடம்பரப் பொழுதுபோக்கு என்றே நான் எண்ணியிருந்தேன். மான்மயிர் ஈயைப் பொறுத்தவரையில் அவ்வெண்ணம் பிழையென்பதை அண்ணனின் மேசையருகே உணர்ந்தேன்.

மானின் உடல்மயிர், சிறப்பாக வடதிசைக் கடுங்குளிரில் வளரும் மாரிக்கால மயிர், உள்ளே காற்றறைகள் நிறைந்தது. மானுக்கு அது குளிர்காக்கும் போர்வை; ஈ கட்டுவோர்க்கு அது தெப்பம். பென்சிற் பருமனான ஒரு பிடி மயிரை வெட்டி, அடியிலுள்ள பஞ்சு போன்ற மென்மயிரைச் சீவி நீக்கி, நுனிகளைச் சமப்படுத்தி முள்ளின்மேல் வைக்க வேண்டும். நூலை இரண்டு முறை தளர்வாகச் சுற்றி, மூன்றாம் முறை இறுக்கினால், மயிர் நாற்புறமும் விரிந்து முள்ளின் தண்டைச் சுற்றிச் சுழன்று நிற்கும். அதனை விரலால் பின்னே நெருக்கிய பின் அடுத்த பிடி. ஈற்றில் கத்தரியால் வேண்டிய உருவத்தைச் செதுக்குவர். தொடக்கத்திலேயே இறுக்கினால் மயிர் ஒரு பக்கத்திலே குவிந்துவிடும். இறுதிவரை தளர்த்தினால் முதல் மீனோடு கழன்றுவிடும்.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. வில்லியம் பார்ட்ரம் என்னும் தாவரவியலறிஞர் 1791இல் வெளிவந்த தமது பயண நூலில், மூன்று முட்களை ஒன்றோடொன்று முதுகொட்டக் கட்டி, மான்வாலின் வெண்மயிரையும் பன்னிற இறகுகளையும் சுற்றி மீன்பிடிக்கும் முறையை விவரித்திருக்கிறார். பின்னர் ஒவ்வொரு பகுதியும் தன் ஆற்றுக்கேற்பத் தனக்கென ஓர் ஈயைப் படைத்துக்கொண்டது. நியூயோர்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைப்பகுதியில், ஓசேபிள் ஆற்றங்கரையிலே கடை நடத்திய பிரான் பெற்றர்ஸ் என்பவர், விலையுயர்ந்த சேவற் கழுத்திறகு இல்லாமலே, மான்மயிரால் இறக்கையும் வாலும் அமைத்து ஓர் ஈ கட்டினார். 'வைக்கோற்போர்' என்பது அதன் பெயரின் பொருள். மேற்கு வேர்ஜினியாவில் ஜோ மெசிஞ்சர் என்பவர் மான்மயிரைக்கொண்டு தவளையையே செய்தார்.

அண்ணன் கட்டியது ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதிக்கு உரியது. 'மட்லர்' என்பது அதன் பெயர். அங்கே நிப்பிகன் ஆற்றிலே, கற்களின் அடியில் பதுங்கும் பெருந்தலைச் சிறுமீன் ஒன்று உண்டு. அப்பகுதியின் பழங்குடியினரான ஒஜிப்வே மக்கள் அதனை இரையாகப் பயன்படுத்தக் கண்டே டொன் கேப்பன் என்பவர் 1930களில் இந்த ஈயை உருவாக்கினார் என்பர். சரிகை உடல்; வான்கோழி இறகுச் சிறகு; மான்மயிரைச் சுழற்றிக் கத்தரித்த பெருந்தலை. நூறாண்டுக்கு முன் அவ்வாற்றிலே பிடிபட்ட 14½ இறாத்தல் ஓடை ட்ரவுட்டே அவ்வினத்தில் இன்றும் உலகச் சாதனையாக விளங்குகிறது.

இவர்களுள் எவரும் சீமையிலிருந்து வரும் பொருளுக்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்துக் காட்டில் மான் உண்டு. அதன் தோலில் மயிர் உண்டு. அதுவே போதுமென்று அமர்ந்தனர்.

நான் கண்கொட்டாது பார்த்தது வேறொன்றை. அண்ணனின் இடக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மயிர்ப்பிடியைத் தாங்கிய விதத்தை நான் முன்னரே கண்டிருக்கிறேன். எங்கள் ஐயா, தோட்டவேலை முடிந்து வந்து, ஒவ்வொரு மாலையும் ஊர்ப்பிள்ளையாருக்கு மாலை கட்டுவார். நனைத்த வாழைநாரிலே நந்தியாவட்டையையும் அலரியையும் எதிரெதிராக வைத்துச் சுருக்கிடுவார். இறுக்கினால் காம்பு அறும். தளர்த்தினால் பூ உதிரும். அண்ணன் அருகிருந்து கற்றார். நானோ, படிப்பென்று சொல்லிப் புத்தகத்தோடு எழுந்து போய்விடுவேன்.

ஐயா 2001ஆம் ஆண்டு மார்கழியிலே காலமானார். தரைப்பாதை அடைபட்டிருந்த காலம். மூத்த மகன் வரவில்லை. கொள்ளியை நான் வைத்தேன். அவர் வரமுடியாத நிலையை அறிவு ஏற்றுக்கொண்டது, மனம் ஏற்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் குறையை உள்ளேயே வைத்திருந்தேன். அன்று அந்த மேசையருகே அது வாய்விட்டு வந்துவிட்டது.

அண்ணன் நூலை விடாமலே பேசினார். வந்த புதிதில் தொழிற்சாலையில் உடன் வேலைசெய்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், பேசுவதற்குப் பொதுமொழி அதிகம் இல்லாத நிலையிலும், தம்மை வீட்டுக்கு அழைத்துச்சென்று இக்கலையைக் கற்பித்தாராம். அவருக்குக் கற்பித்தவர் அவருடைய தந்தை.

"ஐயா மோசம்போன செய்தி ரெலிபோனிலை வந்தது. வெளியிலை முழங்காலளவு பனி. எங்கை போய்ப் பூப் பறிக்கிறது? கை சும்மா இருக்கமாட்டன் எண்டுது. விடியும்வரை இதைத்தான் கட்டிக்கொண்டிருந்தன். முதல் ரெண்டு சுத்தும் ஐயா சொல்லித் தந்தது தம்பி. மூண்டாவதுதான் இந்த ஊர்."

நான் மறுமொழி கூறவில்லை. அவர் எழுந்து தம் நாற்காலியை எனக்குத் தந்தார். அன்றிரவு நான் கட்டிய ஈ, மழையில் நனைந்த கோழிக்குஞ்சு போல் இருந்தது.

அடுத்த வாரம், ஆயிரங் கிலோமீற்றருக்கு மேல் காரிலே பயணஞ்செய்து நிப்பிகன் ஆற்றை அடைந்தோம். அண்ணன் குறட்டினால் முள்ளின் எதிர்முனையை நசுக்கிவிட்டே தூண்டிலை எறிந்தார். அகப்பட்ட ஒரு மீனை நீரினின்றும் வெளியே எடுக்காமலே விடுவித்தார். செந்நிறப் புள்ளிகள் நிறைந்த அழகிய மீன் அது. ஆயினும் அதன் வாயிலே முள் தைத்ததை நான் கண்டேன். விட்டுவிட்டோம் என்பதால் அந்த நோவு இல்லாமற் போய்விடுமா? என் மனம் ஒப்பவில்லை. நான் தூண்டிலைத் தொடவில்லை, அண்ணனும் வற்புறுத்தவில்லை. கட்டும் கலை வேறு, அது சென்று சேரும் இடம் வேறு என்று பிரித்துச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

விடைபெறும் வேளையில் அவர் ஒரு மட்லரின் கூர்முனையை வெட்டி நீக்கிவிட்டு என் கையிலே தந்தார். அது இப்பொழுது ஐயாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது.

ஊர் திரும்பிய பின், வெள்ளிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்திலே மாலை கட்டும் முதியவர் ஒருவரின் அருகே போய் அமர்கிறேன். நார் அறுகிறது, பூ உதிர்கிறது, முதியவர் பொறுமையாக மீண்டும் தொடங்கச் சொல்கிறார். உடன்வரும் என் மகள் பதினொரு வயதினள். அவள் இரண்டு வாரத்திலே கற்றுக்கொண்டாள். "அப்பா, முதலிலை இறுக்காதேங்கோ" என்று இப்பொழுது என்னைத் திருத்துகிறாள்.

மாணவ அன்பர்களே, உங்கள் வீட்டிலும் நாரோ, ஓலையோ, ஊசியோ பிடித்த கை ஒன்று இருக்கக்கூடும். இன்று மாலை புத்தகத்தைச் சற்று மூடிவைத்து அதனருகே அமருங்கள். நான் அமராத மாலைகள் பல.