கறுவாத்தோட்டத்து நூதனசாலையில்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்வோரிற் பலர் காலிமுகத்திடலைக் கண்டு மீள்வரேயன்றிக் கறுவாத்தோட்டத்து நூதனசாலையின் படியேறுவோர் சிலரே. தேசாதிபதி வில்லியம் கிறகரி காலத்தில் எழுந்து, 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி திறந்துவைக்கப்பெற்ற அவ்வெண்ணிற மாளிகைக்குச் சென்ற விடுமுறையில் நாம் சென்றிருந்தோம். எம்முடன் பழைய மாணாக்கர் ஒருவரும் வந்தார். கல்லூரி நாளிற் சரித்திரத்தில் பேரார்வங் கொண்டிருந்த அவர், பின்னர் நேர்ந்த நோயினால் விழிப்புலனை இழந்தவர்.

காலியில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற மும்மொழிக் கல்வெட்டின் முன் நின்றோம்.

"தம்பி, இதுதான் அந்தக் கல்" என்றோம்.

"எப்படி இருக்கிறது, சேர்?" என்று அவர் வினவினார்.

நாம் திகைத்துப்போனோம். ஆண்டுதோறும் மாணவரை அழைத்துவந்து, "இதோ பாருங்கள்" என்று சொல்லியே பழகிய எமது நாவுக்கு அவ்வேளை சொல் எழவில்லை.

பின்னர் மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினோம். உயரம் 4 அடி 9 அங்குலம், அகலம் 2 அடி 6 அங்குலம், உச்சியில் இரு டிராகன்கள், வலப்பக்கம் சீனம், இடப்பக்கத்தில் மேலே தமிழ், அதன்கீழ்ப் பாரசீகம். சீனக் கடற்றளபதி செங் ஹோ நிறுவிய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் இக்கல், சீனத்தில் புத்தபிரானையும், தமிழில் தேனவரை நாயனாரையும், பாரசீகத்தில் அல்லாஹ்வையும் போற்றுகின்றது. பொன் 1000, வெள்ளி 5000 எனக் காணிக்கைகளையும் அது கூறுகின்றது.

கேட்டிருந்தவர் முறுவலித்தார். "சேர், ஒரு வெளிநாட்டு நூதனசாலையின் இணையத்தளத்தை வீட்டிலிருந்து திறந்தேன். கைத்தொலைபேசி வாசித்தது என்ன தெரியுமோ? 'படம், படம், படம்' என்பது மாத்திரந்தான்!"

காரணம் எளியது. திரையிலுள்ளதைக் குரலாக்கும் மென்பொருள், படத்தோடு இணைத்து எழுதிவைத்த விவரணத்தையே வாசிக்கும். எழுதுவார் இல்லையேல் வாசிக்க ஏதுமில்லை. உலகளாவிய வலைச் சங்கம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியின் முதல் நெறியே, படத்துக்கும் ஒலிக்கும் நிகரான மாற்று வேண்டும் என்பதாகும். செவிப்புலனற்றோர்க்குக் காணொளியின் கீழ் எழுத்து வேண்டும். கை நடுங்குவோர்க்கு விசைப்பலகையால் மாத்திரம் இயக்கும் வசதி வேண்டும். இவை கருணையால் இடும் பிச்சையல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனம் (2006), தனது 30ஆம் உறுப்புரையிற் பண்பாட்டுச் செல்வங்களைத் துய்க்கும் உரிமையை அவர்க்கு உறுதிசெய்கின்றது. இலங்கையும் அதனை 2016இல் ஏற்றுக்கொண்டது.

அன்று மாலை இருவருமாக அமர்ந்து அக்கல்லுக்கு ஒரு விவரணம் எழுதினோம். "அழகிய" என்று நாம் எழுதிய சொல்லை அவர் நீக்கச் சொன்னார். "எது எங்கே இருக்கிறதென்று சொல்லுங்கள், சேர். அழகை நான் அறிந்துகொள்வேன்" என்றார். ஆசிரியராகிய எமக்கு அது நல்ல பாடம்.

ஆறு நூற்றாண்டுகளின் முன், ஒரு கல் மூன்று மொழியினர்க்கும் அவரவர் மொழியிற் பேசிற்று. இன்றைய நூதனசாலைகள் அக்கல்லிடம் கற்கலாம். எம்போன்ற ஆசிரியரும் கற்கலாம்.