ஒரு சுத்துக்கு மூணு தையல்

உங்க வீட்டுப் பரண்லயோ, பாட்டி கட்டிலுக்கு அடியிலயோ மரமூடி போட்ட ஒரு கை மெஷின் இருக்கா? கறுப்பு உடம்பு, தேய்ஞ்சுபோன தங்கப் பூ, வலது பக்கம் சுத்துறதுக்கு ஒரு கைப்பிடி. இருந்தா, இதைப் படிச்சு முடிக்கிற வரைக்குமாவது அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுடாதீங்க.

முதல்ல மெஷின் எப்படித் தைக்குதுன்னு பாத்துடலாம். ஊசிக்குக் கீழே ஒரு தகடு. அந்தத் தகட்டுக்குள்ள ரெண்டு வரிசைப் பல். ஊசி துணியை விட்டு மேலே ஏறின நேரம் பாத்து அந்தப் பல் எழும்பும், துணியை ஒரு தையல் அளவுக்குப் பின்னால தள்ளும், இறங்கிடும். அடுத்த தையலுக்கு மறுபடியும் அதே வேலை. அதாவது துணியை நகர்த்துறது மெஷின்தான். நீங்க கோணாமப் போகுதான்னு பாத்துக்கிட்டா போதும்.

ஃப்ரீ மோஷன் குயில்ட்டிங்ல அந்தப் பல்லுக்கு வேலை கிடையாது. அதை இறக்கிவிடணும், இல்லன்னா மேலே ஏதாவது போட்டு மூடணும். அப்புறம் துணியை முன்னால, பின்னால, பக்கவாட்டுல, வட்டமா எப்படி வேணும்னாலும் கையாலயே நகர்த்தலாம். ஊசியைக் குத்தி எடுக்கிறது மட்டும்தான் மெஷின் வேலை. எங்கே குத்தணும், எவ்வளவு இடைவெளியில குத்தணும்ங்கிறதெல்லாம் உங்க கையைப் பொறுத்தது. பேனாவை அசையாமப் பிடிச்சுக்கிட்டு, நோட்டை நகர்த்தி நகர்த்தி எழுதுற மாதிரின்னு வச்சுக்கோங்க. மேல் துணி, நடுவுல கனமான ஒண்ணு, அடித்துணி. இந்த மூணு அடுக்கையும் சேர்த்து இப்படிக் கோடு கோடாத் தைச்சா அது குயில்ட். அம்மாச்சிக்கு அது வெறும் அடுக்கு விரிப்பு.

இதுக்குப் பெரிய மெஷின்தான் வேணும்னு நினைப்பாங்க. அமெரிக்காவுல குயில்ட் தைக்கிறவங்க பலர் இன்னிக்கும் தேடி வாங்குறது சிங்கர் ஃபெதர்வெயிட் 221. 1933ல வந்த மெஷின், அலுமினிய உடம்பு, எடை சுமார் 5 கிலோ. ஒரு சின்னப் பெட்டிக்குள்ள அடங்கிடும். அதுல பல்லை இறக்கவே முடியாது. ஒரு மூடித் தகட்டைப் போட்டு மறைச்சுட்டுத்தான் தைப்பாங்க. நம்ம ஊர் எம்ப்ராய்டரி டெய்லர்களும் ஃபுட்டைக் கழட்டிட்டு, துணியை வளையத்துல மாட்டி, கையால நகர்த்தித்தான் பூவும் இலையும் போடுறாங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வித்தைதான்.

அம்மாச்சியோட மெஷின் சிங்கர் 28கே. வழக்கமான அளவுல முக்கால்தான் இருக்கும். உள்ளே வட்ட பாபின் கிடையாது, படகு மாதிரி ஒரு ஷட்டில் முன்னும் பின்னும் ஊசலாடும். அந்த ‘கே’ங்கிறது கில்போவி. ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க்னு ஒரு ஊர், அங்கே இருந்த சிங்கர் தொழிற்சாலையோட பேர். 1980ல அதை மூடிட்டாங்க. ஆனா பக்கத்து ரயில் ஸ்டேஷனுக்கு இன்னிக்கும் பேரு ‘சிங்கர்’தான். தொழிற்சாலையே போயிடுச்சு, அது செஞ்ச மெஷின் மதுரையில ஒரு மாடிப்படிக்குக் கீழே உக்காந்திருக்கு.

இனி விஷயத்துக்கு வர்றேன். அம்மாச்சிக்கு கிளாக்கோமா. பக்கவாட்டுப் பார்வை போயிடுச்சு. நேரே மட்டும் கொஞ்சம் தெரியும், அதுவும் மங்கலா. போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்துன்னு டாக்டர் தெளிவாவே சொல்லிட்டார். ஊர்ல பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைச்சுக் கொடுத்த மனுஷி, மெஷினுக்கு மூடியைப் போட்டு ரெண்டு வருஷமாச்சு. “இனி எதுக்குடி இது, வித்துருங்க”ன்னு ஒரு நாள் சாதாரணமாச் சொன்னாங்க. அந்தச் சமயத்துல அக்காவுக்கு ஏழாம் மாசம். அம்மாச்சியோட சுங்குடிப் புடவைகளைக் குழந்தைக்கு விரிப்பாத் தைக்கலாம்னு நான்தான் ஆரம்பிச்சேன். தோய்ச்சுத் தோய்ச்சு அந்தப் பருத்தி வெண்ணெய் மாதிரி ஆயிருந்துச்சு.

கை மெஷின்ல ஃப்ரீ மோஷன் தைக்க நினைச்சா ஒரு சிக்கல் வரும். துணியை நகர்த்த ரெண்டு கையும் வேணும். கைப்பிடியைச் சுத்த இன்னொரு கை வேணும். மொத்தம் மூணு.

மாமா உடனே, “ஒரு மோட்டாரும் பெடலும் மாட்டிரலாம், அரை மணி நேர வேலை”ன்னார். நியாயமான யோசனைதான். ஆனா நான் மோட்டார் வேணாம்னுட்டேன். மூணாவது கை வீட்லயே இருக்கே, அதுக்குக் கண்ணு எதுக்கு?

தரையில மணைப்பலகை போட்டு மெஷினை வச்சோம். நான் எதிர்ல, அம்மாச்சி என் வலது பக்கம். தையல் நீளத் திருகைக் குறைஞ்ச அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையில ஊசிக்கு ஓட்டை போட்டு, பல்லுக்கு மேலே டேப் வச்சு ஒட்டினேன். வழக்கமான ஃபுட்டைக் கழட்டிட்டு டார்னிங் ஃபுட் மாட்டினேன். அதுல ஒரு ஸ்பிரிங் இருக்கும். ஊசி இறங்கும்போது துணியை அமுக்கிப் பிடிக்கும், ஏறும்போது விட்டுடும். அது இல்லன்னா ஊசியோட சேர்ந்து துணியும் மேலே எழும்பும், நூல் கண்ணி சரியா விழாது, தையல் தாவிடும்.

அம்மாச்சி சுத்த ஆரம்பிச்சாங்க. ஒரு சுத்துக்கு ஊசி மூணு தடவை இறங்குது, எண்ணிப் பாத்தேன். அவங்க நிமிஷத்துக்கு ஏறக்குறைய 50 சுத்து சுத்துவாங்க. அப்போ 150 தையல். ஒரு தையல் 2.5 மில்லிமீட்டர் வேணும்னா என் கை நிமிஷத்துக்கு 375 மில்லிமீட்டர் நகரணும். நொடிக்கு 6 மில்லிமீட்டர், எறும்பே நம்மளைத் தாண்டிப் போயிடும். மோட்டார் மெஷின் நிமிஷத்துக்கு எழுநூறு எண்ணூறு தையல் போடும். அந்த வேகத்துல கை தடுமாறினா ஊசி வளையும், உடையும். இங்கே ஊசி மேலே இருக்கிற நேரமா பாத்து துணியை நகர்த்த அவகாசம் இருக்கு.

ஆனா கையோட வேகமும் ஊசியோட வேகமும் எப்பவும் ஒத்துப்போகணும். நேர்கோட்டுல கஷ்டமில்ல. வளைவுலதான் சோதனை. அங்கே கை தன்னை அறியாம வேகம் எடுக்கும். பின்பக்கம் திருப்பிப் பாத்தா மேல்நூல் கண் இமை மாதிரி வரிசையா நீட்டிக்கிட்டு நிக்கும். பெரிய குயில்ட் மெஷின்கள்ல இதைச் சமாளிக்கவே ஸ்டிச் ரெகுலேட்டர்னு ஒண்ணு இருக்கு. நகர்ற வேகத்தை என்கோடர் அளந்து சொல்லும், அதுக்குத் தக்க ஊசி வேகமாவோ மெதுவாவோ இறங்கும்.

மூணாவது நாள் நான் எதுவும் சொல்லாமலே அம்மாச்சி தன் இடது கையைத் துணியோட ஓரத்துல வச்சாங்க. சும்மா, பாரம் கொடுக்காம. துணி மெதுவாப் போனா அவங்க சுத்துறதும் மெதுவாச்சு. நான் நின்னா அவங்களும் நின்னாங்க. “வளைவு வந்துருச்சா ஆத்தா?”ன்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்கு முன்னாடியே சுத்தைத் தணிச்சாங்க. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு நான் இதுக்கு மேல விளக்க வேண்டாம். ஓப்பன் லூப்பா இருந்தது குளோஸ்டு லூப் ஆயிடுச்சு. அன்னிக்கு சாயங்காலம் பின்பக்கம் திருப்பினேன், ஒரு இமை கூட இல்ல. அம்மாச்சி விரலால தடவிப் பாத்துட்டு, “இந்தா, இந்த இடத்துல காப்பி குடிக்க எந்திரிச்சோம்”னாங்க. அங்கே நூல் முடிச்சு இருந்துச்சு.

டிசைனும் அவங்களோடதுதான். குயில்ட் தைக்கப் பழகுறவங்களுக்கு வழக்கமா முதல்ல சொல்லித்தர்றது ஸ்டிப்ளிங். கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், தன்னையே வெட்டக் கூடாது. நான் அதைத்தான் போட நினைச்சிருந்தேன். அம்மாச்சி, “புடவையிலயே புள்ளி கெடக்கே, சிக்குக் கோலம் போட வேண்டியதுதானே”ன்னாங்க. சுங்குடின்னா முடிச்சு முடிச்சாக் கட்டிச் சாயம் ஏத்தினதுல வர்ற வெள்ளைப் புள்ளிதானே. நாலு புள்ளிக்கு ஒரு புள்ளியா சாக்பீஸ்ல குறிச்சோம். சிக்குக் கோலத்துல கம்பி தன்னையே வெட்டிக்கிட்டுப் போகும், புள்ளியைச் சுத்தி வந்து புறப்பட்ட இடத்துலயே சேரும். ஒரே கம்பியில முடியுற கோலமும் உண்டு, மூணு நாலு வளையமாப் பிரியுறதும் உண்டு. தையலுக்கு ஒரே கம்பிக் கோலம்தான் சௌகரியம், நூலை அறுக்கவே வேண்டாம். எது ஒரே கம்பின்னு நான் பேப்பர்ல போட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். அவங்க காத்துல விரலை ஓட்டிட்டு, “இது வரும், அது வராது”ன்னு சொல்லிக்கிட்டே போனாங்க.

கஷ்டமும் இருக்கு, மறைக்க மாட்டேன். சின்ன மெஷின்ல ஊசிக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு சாண் இடம் கூட கிடையாது. விரிப்பைச் சுருட்டி, நடுவுல இருந்து வெளிப்பக்கமாத் தைச்சுக்கிட்டு வரணும். கால் மரத்துப்போகும். ஷட்டில்ல நூல் சீக்கிரம் தீரும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் விடணும், தையல் மெஷின் எண்ணெய் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் விட்ட மெஷினை அம்மாச்சி சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சு, விட்டவங்களைத் திட்டுவாங்க.

90 சென்டிமீட்டர் சதுரம், பதினோரு நாள். விரிப்பு அக்கா வீட்டுக்குப் போயிடுச்சு. மோட்டார் பேச்சை மாமா அதுக்கப்புறம் எடுக்கல. மெஷினை விக்கிற பேச்சை அம்மாச்சியும் எடுக்கல. போன வாரம் அவங்க போன் பண்ணினப்போ ப்ராஜெக்ட் ரிவ்யூ எப்போ முடியும்னு கேட்டாங்க. எனக்கே சரியாத் தெரியாத தேதி அது. “தெரியலை அம்மாச்சி”ன்னேன்.

“சரி, வரும்போது 14 நம்பர் ஊசி ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா. மாம்பழக் கலர் புடவை ரெண்டைத் தோய்ச்சு வச்சிருக்கேன்.”