மழை ஊரில் கள்ளி வளர்க்கும் இரணியல் டீச்சர்!

ஜூன் மாதம், இரண்டாவது வாரம். இரணியலில் மூன்று நாளாக மழை விடவில்லை. நான்காம் நாள் காலை சற்று வெறித்ததும், டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். வரிசையில் நான்காவதாக இருந்த தொட்டியின் முன்னால் குனிந்தார். மூன்று பட்டை கொண்ட பச்சைத் தண்டு. அதன் உச்சியில் எலுமிச்சை அளவில் ஒரு சிவப்பு உருண்டை, அதைச் சுற்றிச் சுண்டைக்காய் அளவில் மூன்று குட்டிகள். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், தண்டின் அடியை விரலால் அழுத்தியபோது பழுத்த வாழைப்பழம்போல உள்ளே போனது.

அழுகல்.

கடைகளில் 'மூன் கேக்டஸ்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்தச் செடிதான். இருநூறு ரூபாய்க்குக் குறைவாகவே கிடைக்கும். போனால் போகிறது என்று இன்னொன்று வாங்கிவிடலாம். ஆனால், இது மகள் கனடாவுக்குப் போவதற்கு முன்பு பெங்களூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் கொண்டுவந்தது. வாரம் தவறாமல் வீடியோ காலில் வரும் அவள், அம்மாவின் சர்க்கரை அளவைக் கேட்பதற்கு முன்பே "அது எப்படிம்மா இருக்கு?" என்றுதான் கேட்பாள்.

இரணியலில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லோருக்கும் டீச்சர்தான். முப்பது ஆண்டுக்கும் மேல் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். கள்ளி வளர்ப்பது அவர் தேடிப்போன பழக்கம் இல்லை. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, வீட்டின் மேற்குப் பக்கம் நின்ற அயனி மரம் வேரோடு சாய்ந்தது. அதுவரை நிழலாகவே இருந்த மொட்டைமாடியில் திடீரென்று வெயில் கொட்டியது. ரோஜா வைத்தார், கருகியது. கீரை போட்டார், வாடியது. யாரோ கொடுத்த ஒரு கள்ளித் துண்டு மட்டும் அந்த வெயிலில் நிமிர்ந்து நின்றது. அங்கிருந்து ஆரம்பித்து இன்றைக்கு அறுபது தொட்டிக்கு மேல்.

"ஊரெல்லாம் ரப்பரும் வாழையுமா இரிக்கு. இவ மட்டும் முள்ள வளத்துகிட்டு இரிக்கா" என்று அவர் கணவர் வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்வார். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்தான். ஆனாலும், மழை தூறினால் முதலில் மாடிக்கு ஓடுவது அவர்தான்.

குமரி மாவட்டத்தில் கள்ளி வளர்ப்பது ஒரு வகையில் எதிர்நீச்சல். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்யும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் போனால் வறண்ட காடு. அங்கே கள்ளி தன்பாட்டுக்கு வளரும். இந்தப் பக்கம் இரணியல், தக்கலை, குளச்சல் வட்டாரத்தில் கல்லில்கூட பாசி பிடிக்கும். டீச்சரின் முதல் பத்துச் செடிகளும் முதல் மழைக்காலத்திலேயே போய்விட்டன. காரணம், தென்னை நார்க்கழிவு. மற்ற செடிகளுக்கு அது வரம். கள்ளிக்கு, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தக் குணமே எமன். இப்போது அவருடைய கலவையில் பாதிக்கு மேல் சலித்தெடுத்த எம்-சாண்ட். மாவுபோன்ற தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, பருமணலை மட்டும் எடுக்கிறார். அதோடு உடைத்த செங்கல் சல்லி, ஒரு கை மக்கிய இலை உரம். திங்கள்சந்தையில் வாங்கிய மண் சட்டிகள். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை. ஜூனிலிருந்து டிசம்பர் வரை தண்ணீர் ஊற்றுவதே அபூர்வம்.

அப்படியும் அந்த நான்காவது தொட்டி அழுகிவிட்டது. கூரையின் ஓரத்தில் ஓர் ஆணி கழன்று, சரியாக அந்தத் தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தச் சிவப்பு உருண்டையைத் தனியே பிடுங்கி மண்ணில் நட்டுப் பிழைக்கவைக்க முடியாது. இது ஜிம்னோகாலிசியம் என்ற தென்னமெரிக்கக் கள்ளி வகையின் நிறம் மாறிய பிள்ளை. 1940-களின் தொடக்கத்தில் ஜப்பானில் வாட்டனாபே என்பவர் சுமார் பத்தாயிரம் விதைகளை முளைக்கவைத்தபோது, அவற்றில் இரண்டு மட்டும் இப்படிச் சிவப்பாக முளைத்தன என்பது கள்ளி வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் வரலாறு. பச்சையம் இல்லாததால் அதற்குத் தானே உணவு தயாரிக்கத் தெரியாது. இன்னொரு செடியின் தலையில் ஒட்டுப்போட்டால்தான் உயிர் வாழும். உலகமெங்கும் விற்கும் செடிகள் அந்த ஒட்டுகளின் வழிவந்தவைதான். ஆகவே, "சிவப்பு, நீலக் கள்ளி விதைகள்" என்று இணையத்தில் யாராவது விற்றால் வாங்கிவிடாதீர்கள். டீச்சர் ஒருமுறை வாங்கினார். முளைத்தது என்னவோ கீரைபோல ஒன்று. அதேபோல, சிறு கள்ளிகளின் உச்சியில் வாடாமல் நிற்கும் பூவைப் பார்த்தால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பசையால் ஒட்டிய காய்ந்த பூவாக இருக்கும்.

சிவப்பு உருண்டையைத் தாங்கி நிற்கும் அந்தப் பச்சைத் தண்டு எது தெரியுமா? டிராகன் பழச் செடிதான். குஜராத் அரசு 2021-ல் 'கமலம்' என்று பெயர் மாற்றியதே, அதே பழம். அதுவும் ஒரு கள்ளியே. குளிர் நாடுகளில் இந்தத் தண்டு சீக்கிரம் செத்துவிடுகிறது என்று குறைப்படுவார்கள். குமரி மாவட்டத்தின் வெப்பத்தில் அது கொடிபோல ஓடுகிறது. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் சிமென்ட் தூணைப் பற்றி வளரும் செடியிலிருந்து துண்டுகள் வாங்கி, எப்போதும் ஆறேழைத் தனித்தனிச் சட்டியில் வேர்விட வைத்திருப்பார் டீச்சர். அன்றைக்கு அது கைகொடுத்தது.

அறுப்பதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் "அபூர்வமான கேக்டஸ்" என்று சொல்லி ஒரு துண்டைக் கொடுத்தார். நாலு பட்டை, ஓரமெல்லாம் முள். ஒட்டுக்கு நல்ல தண்டாக இருக்குமே என்று பிளேடை வைத்ததும் பால் பீய்ச்சி வலது கண்ணில் பட்டுவிட்டது. குழாயடியில் கால் மணி நேரம் கழுவியும் எரிச்சல் அடங்கவில்லை. இரவில் பார்வை மங்கியது. மறுநாள் விடிந்ததும் நாகர்கோவிலில் கண் மருத்துவரிடம் ஓடினார்கள். கருவிழி புண்ணாகியிருந்தது. உடனே கழுவியதால் தப்பித்தது என்றார் மருத்துவர். சொட்டு மருந்தோடு இரண்டு வாரம் இருட்டறையில் கிடந்தார் டீச்சர். அது கேக்டஸே இல்லை. நம்மூர்ச் சதுரக்கள்ளியின் உறவுக்காரச் செடி. கண்ணில் கள்ளிப்பால் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கை வைத்தியம் பார்க்கக் கூடாது.

அந்த இரண்டு வாரத்தில் அவரைப் பெரிதும் வருத்தியது கண் வலி அல்ல, வேறொன்று. பாலைத்திணை நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் கள்ளிச்செடி வரைவார். வட்டத்தட்டு வட்டத்தட்டாக, மேலே முள் வைத்து, சப்பாத்திக்கள்ளி. எத்தனையோ வகுப்பு, எத்தனையோ பிள்ளைகள். ஆனால், சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியர் வந்த பிறகுதான் இந்த மண்ணை மிதித்தது. கேக்டஸ் குடும்பமே அந்தக் கண்டத்துச் சொத்துதான். ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் மரத்தில் தொற்றித் தொங்கும் ரிப்சாலிஸ் என்ற ஒரே ஒரு வகைதான் விதிவிலக்கு. அப்படியானால், சங்கப் புலவர்கள் பார்த்த கள்ளி எது?

குறுந்தொகையை எடுத்து மறுபடி படித்தார். கவைத்த முள்ளைக் கொண்ட கள்ளியின் காய் வெடிக்கும் ஓசை கேட்டு, இணையாக இருந்த புறாக்கள் அஞ்சிப் பறப்பதைச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. கவைத்த முள் என்றால் இரட்டையாகப் பிரிந்த முள். சதுரக்கள்ளிக்கு முள் அப்படித்தான் இருக்கும், ஜோடி ஜோடியாக. முற்றிய காய் பட்டென்று வெடிப்பதும் அந்தக் குடும்பத்தின் குணம். சப்பாத்திக்கள்ளிப் பழம் வெடிக்காது. இத்தனை வருடம் அந்தப் பாட்டை நடத்தியவருக்கு அடையாளம் பாட்டுக்குள்ளேயே இருந்தது தெரியவில்லை.

"பிள்ளைகள எல்லாம் இனி எங்க போய்க் கூப்பிட்டுத் திருத்த?" என்று இப்போதும் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனால், பழைய மாணவர்கள் யார் வீட்டுக்கு வந்தாலும் மாடிக்கு அழைத்துப்போய் இரண்டையும் அருகருகே காட்டாமல் விடுவதில்லை.

அடையாளம் காண டீச்சர் சொல்லும் வழி எளிது. பூதக்கண்ணாடியை எடுத்து முள்ளின் அடியைப் பாருங்கள். பஞ்சுபோன்ற சின்ன மெத்தை ஒன்றிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பினால் அது கேக்டஸ். முள், பூ, கிளை எல்லாமே அந்த மெத்தையிலிருந்துதான் வரும். மெத்தை இல்லாமல் முள் இரட்டையாக நின்றால் நம்மூர்க் கள்ளிக் குடும்பம். பால் வருகிறதா என்று மட்டும் பார்த்து முடிவுசெய்வது தவறு. மாமிலேரியா என்ற கேக்டஸ் இனத்தில் சிலவற்றுக்கும் பால் உண்டு. இலை இருக்கிறதே என்றும் ஏமாறக் கூடாது. பல வீடுகளில் அழகுக்காக வளர்க்கும், ரோஜாபோல ஆரஞ்சுப் பூப் பூக்கும் பெரெஸ்கியா, நல்ல அகலமான இலையோடு இருக்கும் கேக்டஸ். இரவில் பூத்து விடியும் முன்பே தலை சாயும் நிஷாகந்தியும் கேக்டஸ்தான். தமிழ்நாட்டில் பிரம்மகமலம் என்று சொல்லி விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். உண்மையான பிரம்மகமலம் இமயமலையில் பூக்கும் வேறு செடி. டீச்சர் இதைத் தெருவில் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. பூக்கிற இரவில் அவரும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

சப்பாத்திக்கள்ளிக்கு நம் ஊரில் ஒரு நீண்ட கதை உண்டு. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், சைதாப்பேட்டையில் இந்தக் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார். கள்ளியைத் தின்னும் காக்கினீல் என்ற பூச்சியை நசுக்கினால் கிடைக்கும் சிவப்புச் சாயம் அன்று பெரும் விலை. அந்த வணிகம் ஸ்பெயினின் கையில் இருந்தது. 1795-ல் ஆங்கிலேயக் கேப்டன் ஒருவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால், வந்தது மட்டமான காட்டு வகை. சாய வியாபாரம் படுத்துவிட்டது. பூச்சியோ ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்து, 1830-களில் களையாக மண்டிய கள்ளியை அழிக்கத் தென்னிந்தியாவுக்கே வேண்டுமென்று கொண்டுவந்தார்கள். பின்னர் இங்கிருந்து இலங்கைக்கும் போனது. 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைப் பூச்சி இங்கே வந்தது. பூச்சியை விட்டுக் களையை ஒழிக்கும் முறையின் உலக வரலாற்றில் முதல் பக்கங்கள் இவை. ஆரல்வாய்மொழிப் பக்கம் கள்ளியில் வெள்ளைப் பஞ்சுபோல அப்பியிருப்பதைக் கண்டால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக வரும். விரலால் வேண்டாம், சுணை முள் ஏறினால் இரண்டு நாளைக்கு நிம்மதி இருக்காது.

அழுகிய தொட்டிக்கு வருவோம். ஸ்பிரிட்டில் துடைத்த புது பிளேடால் தண்டை ஓர் அங்குலம் மேலே அறுத்தார். நடுவில் பழுப்பு. இன்னும் மேலே அறுத்தார். அங்கேயும் பழுப்பு. உருண்டைக்கு ஒரு விரற்கடை கீழே வரைக்கும் அழுகல் ஏறியிருந்தது. பழைய தண்டைக் காப்பாற்ற வழியில்லை. உருண்டையைப் பிரித்து, அடியை வெள்ளையாகத் தெரியும்வரை மெல்லியதாகச் சீவினார். மூன்று குட்டிகளையும் கிள்ளி எடுத்தார். மொத்தம் நான்கு ஒட்டு.

ஒத்தாசைக்கு நின்றவன் பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையன்.

"வெட்டுன இடத்துல வட்டம் தெரியுதா மக்ளே?"

"தெரியுது டீச்சரே."

"அதுதான் உசிரு. மேல உள்ளதோட வட்டமும் கீழ உள்ளதோட வட்டமும் எங்கயாவது ஒரு இடத்துல ஒட்டணும். நடுவுல நேரா வச்சா சின்ன வட்டம் பெரிய வட்டத்துக்குள்ள விழுந்து தொடாமப் போயிரும். கொஞ்சம் ஓரமாத் தள்ளி வை, கேட்டியா?"

டிராகன் தண்டின் மூன்று விளிம்புகளையும் பென்சில் சீவுவதுபோலச் சரித்துச் சீவினார். இல்லையென்றால், காயும்போது நடு சுருங்கிக் குழிந்து உருண்டையை மேலே தள்ளிவிடும். கடைசி நொடியில் வெட்டுப் பரப்பில் இன்னொரு மெல்லிய வில்லையை எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் உருண்டையை வைத்து, காற்றுக் குமிழி வெளியேற லேசாகத் திருகி, ரப்பர் பேண்டைச் சட்டியின் அடியோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார். இறுக்கினால் அறுத்துவிடும், தளர்ந்தால் ஒட்டாது. அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். நான்கு சட்டிகளும் சமையலறை ஜன்னல் மேடைக்குப் போயின. மாடியின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துவிடும்.

"வெள்ளம் விடாண்டாமா டீச்சரே?"

"ஒரு சொட்டு விட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்."

அந்த வார வீடியோ காலில் மகள் வழக்கம்போல அதைக் கேட்டாள். "மழை மக்ளே, மாடிக்கு ஏற முடியல" என்று சமாளித்தார். முப்பது வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று சொன்னவருக்கு அது லேசான காரியமாக இல்லை. அன்று இரவு இரண்டு முறை எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தாராம்.

ஐந்தாம் நாள் தாய் உருண்டையின் அடி கறுத்தது. அழுகல் அதற்குள்ளும் நூல் இழைபோல ஏறியிருக்கிறது, சீவும்போது கண்ணில் படவில்லை. டீச்சர் அதை எடுத்துக் குப்பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தார். எட்டாம் நாள் ஒரு குட்டியின் ரப்பர் பேண்டு அறுந்தது. குட்டி உருண்டு சிங்க்கில் கிடந்தது. மீதி இரண்டு.

பதினான்காம் நாள் ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விரல்நுனியால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். இரண்டுமே அசையவில்லை. ஒன்று சற்று உப்பிப் பளபளத்தது. கணவரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இந்தப் பாடு" என்று சொல்லிக்கொண்டே ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடிக் கூரையில் கழன்ற ஆணியை அடிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு மகள் கூப்பிட்டாள்.

"அது எப்படிம்மா இருக்கு?"

டீச்சர் இரண்டு சட்டிகளையும் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"அது ரெண்டாயிட்டு மக்ளே."