பட்டாளத்துக்காரர் வீட்டுத் தகரப்பெட்டி

நம் காரியாபட்டி பக்கம் மானாவாரிப் பூமி. மழை பொய்த்த வருடங்களில் பையன்களுக்குத் தெரிந்த வழிகளில் பட்டாளமும் ஒன்று. சிலர் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போவார்கள். அதன்பின் வீட்டுக்குத் தெரிந்த விலாசம் '56 ஏ.பி.ஓ.' மட்டும்தான். ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்பது அதில் இருக்காது. அந்த ஒற்றை விலாசத்தை வைத்தே பெண்கள் வருடக்கணக்கில் காலம் தள்ளினார்கள்.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் சுற்று வட்டாரத்தில் முன்னாள் பட்டாளத்துக்காரர் யாராவது தவறிவிட்டால், கருமாதி முடிந்ததும் எனக்கு ஆள் வரும். துக்கம் கேட்கப் பலர் போவார்கள். தகரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காகிதம் பார்க்க உட்காருகிறவர்கள் குறைவு.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஹவில்தாரின் மனைவி சொன்னது: "சித்தப்பா, அவுக இருந்தவரைக்கும் இந்தப் பெட்டிய நான் தொட்டதே இல்ல." ராணுவப் பதிவில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர், ஆதாரில் ஊர் கூப்பிடும் பெயர். இதனால் ஏழு மாதம் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. அதற்குள் கறவை மாட்டை விற்றுவிட்டார். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி பத்திரம் போட்டு, விருதுநகர் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போய், ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினோம். பிறகு பணம் வந்தது.

காகிதங்களை அடுக்கும்போது, இது எந்த லீவில் வந்தபோது கொண்டுவந்தது, இது எந்த ஊரில் எடுத்த போட்டோ என்று சொல்லிக்கொண்டே வந்தார். கருமாதி வரை வாய் திறக்காதவர் என்று அவர் மகள் பிறகு சொன்னாள். ஆறுதல் என்று தனியாக நான் எதுவும் சொல்லவில்லை.

டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியலில் போடும் காசு நல்ல காரியம்தான். ஆனால் நம் வீட்டில் நாமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., ஆதார், பாங்க் பாஸ்புக் நான்கிலும் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று, நாம் இருக்கும்போதே பாருங்கள். ஸ்பர்ஷ் கணக்கில் இருக்கும் போன் நம்பரும், வருடா வருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றும் அவருக்கும் தெரியட்டும். குடும்ப ஓய்வூதியம் குறைந்தது 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. ஒரு எழுத்து மாறினாலும் அது நின்றுபோகலாம்.

சந்தேகம் இருப்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். அசல் காகிதங்களோடு ஜெராக்ஸ் இரண்டு செட் கொண்டு வாருங்கள். வீட்டுக்காரம்மாவையும் கட்டாயம் கூட்டி வாருங்கள்.