நரியும் பரியும்

திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த மண். எங்கள் ஊரில் சிறு பிள்ளையைக் கேட்டாலும் நரி பரியான கதையைச் சொல்லும். அரிமர்த்தன பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன அமைச்சர் வாதவூரர், கொண்டு போன பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டுவிட்டார். இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தான். மன்னன் மகிழ்ந்தான். இரவானதும் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் நின்ற நல்ல குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் மதுரையில் இந்த லீலை நடக்கிறது. சினிமாவைப் பற்றி எழுத வந்தவன் புராணம் சொல்கிறானே என்று எண்ண வேண்டாம். காரணம் உண்டு.

என் பெரியப்பா மகன் சென்னையில் கிராபிக்ஸ் வேலை பார்க்கிறார். பேரன் நடிகர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்றே எங்கள் அப்பத்தா நம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் எந்த நடிகரையும் நேரில் கண்டதில்லை என்பதே உண்மை. அவர் செய்யும் வேலைக்கு ரோட்டோ என்று பெயர். நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க, அவர் உருவத்தின் ஓரத்தைச் சுற்றிக் கணினியில் கோடு வரைய வேண்டும். விநாடிக்கு 24 படங்கள். ஐந்து விநாடிக் காட்சிக்கு 120. கணினி ஓரளவு துணை செய்யும். காற்றில் முடி பறந்துவிட்டாலோ, ஒவ்வொரு படமாக உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். நாற்று நடுவது போல, குனிந்த தலை நிமிராத வேலை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய படத்தின் டீசர் வெளிவந்தது. படத்தின் பெயர் வேண்டாம். ஆற்றங்கரையில் கதாநாயகன் மீது புலி பாய்கிறது. புலியா அது! திருவிழாக் கடையில் தொங்கும் ரப்பர் பொம்மை. வகுப்பே சிரித்தது. நானும் சும்மா இருக்கவில்லை. அந்தக் காட்சிக்குக் கீழே கேலியாக இரண்டு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். பொங்கலுக்கு வந்த அண்ணனிடமும் பெருமையாகக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “அந்த ஆத்தங்கரையில நிக்கிற ஆளை வெட்டி எடுத்தது நான்தான்டா” என்றார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. பொறுமையாக விளக்கினார். படம் முடியும் முன்பே டீசர் நாள் குறிக்கப்பட்டுவிடும். பண்டிகையோ நடிகரின் பிறந்தநாளோ வந்துவிட்டால் நாளை மாற்ற முடியாது. அதற்கென நாலைந்து காட்சிகளைப் பொறுக்கி, கிடைத்த நிலையில் முடித்து அனுப்புவார்கள். மயிரில் படும் வெளிச்சம், தரையில் விழும் நிழல், கால் ஊன்றும்போது கிளம்பும் புழுதி எல்லாம் கடைசியில் சேர்வன. நிழல் சரியாக விழாத மிருகம் மண்ணில் நிற்காது, மிதக்கும். நாம் சிரித்தது அந்த மிதப்பைப் பார்த்துத்தான்.

அருகில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா, “பகல்ல குதிரை, ராத்திரி நரி, நம்ம வாதவூர்க் கதைதான்” என்றார். “எங்க பொழப்பு தலைகீழ் அப்பத்தா. முதல்ல நரியைக் காட்டிடுறாங்க, அது குதிரையாகிறதுக்குள்ள ஊரே சிரிச்சிடுது” என்றார் அண்ணன்.

அப்பத்தா சொன்ன வகையும் உண்டு. முன்னோட்டத்தில் வரும் பத்துக் காட்சிகளை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு, மீதிப் படத்தை அரைகுறையாக விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் மன்னிக்கத் தயாராயில்லை. டிக்கெட் வாங்கியவன் பாண்டியனைப் போல் ஏமாந்து நிற்கிறான்.

அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் ‘சோனிக்’ என்ற படத்தின் டிரைலர் வந்தது. நீல முள்ளெலிக்கு மனிதப் பல் இருப்பதைக் கண்டு உலகமே நகைத்தது. இயக்குநர் உருவத்தையே மாற்றி, படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளி வெளியிட்டார். படம் நன்றாக ஓடியது. நம் நாட்டில் ‘ஆதிபுருஷ்’ டீசர் 2022 அக்டோபர் 2 அன்று அயோத்தியில் வெளியாகி, இதே போல் ஏச்சு வாங்கியது. 2023 ஜனவரியில் வர வேண்டிய படம் ஜூன் 16க்குப் போனது. அப்படியும் ஏச்சு தீரவில்லை. இரண்டிலும் ரசிகர்கள் வென்றதாகப் பேசினார்கள். திருத்தி வரைந்தவர்களின் இராத்திரிகளை யார் எண்ணினார்கள்?

1994இல் ‘காதலன்’ படத்தில் தலையும் கைகால்களும் மறைந்து உடை மட்டும் ஆடியதைக் கண்டு என் அப்பா வாய் பிளந்தாராம். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. நிறுத்தி நிறுத்திக் குற்றம் பார்க்க அன்று அவர் கையில் போன் இல்லை.

அந்தப் புலிப் படம் வெளியானபோது அண்ணன் ஊரில் இருந்தார். இருவரும் மேலூருக்கு இரவுக் காட்சிக்குப் போனோம். புலி வந்தது. ஈர மணலில் கால் பதிந்தது, நிழல் கூடவே ஓடியது. யாரும் சிரிக்கவில்லை. பாராட்டவும் இல்லை, புலி வந்தது, போயிற்று, அவ்வளவுதான். நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் புலியைப் பார்க்கவில்லை, நடிகரின் தலைமுடி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. கூட்டம் கலைந்தது. நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். கூட்டுகிற அம்மா விளக்குமாற்றோடு எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார். கம்பெனிப் பெயர் வந்தது, அதன் கீழே சில பெயர்கள் வந்தன. அண்ணன் பெயர் இல்லை.

“வாடா, கடைசி பஸ் போயிடும்” என்று எழுந்தார். நான் அனுப்பிய அந்த இரண்டு வரியைப் பஸ்ஸில் உட்கார்ந்து அழித்தேன். அதற்குள் அது யார் யாரிடமோ போய்ச் சேர்ந்திருந்தது.