கொடி நாள் முடிந்த கையோடு

டிசம்பர் 7, படைவீரர் கொடி நாள். 1949-லிருந்து வருகிறது. உண்டியலில் காசு போட்டு, சட்டையில் கொடியைக் குத்திக்கொண்டு போய்விடுகிறோம். பட்டாளத்துக்காரருக்குப் பென்ஷன், நல அலுவலகம் எல்லாம் உண்டுதான். ஆனால் நினைவு தப்பி வீட்டைவிட்டு வந்தவருக்குப் பென்ஷன் புத்தகம் எங்கேயென்று தெரியுமுங்களா? பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர் முன்னாள் சிப்பாயா, மில் தொழிலாளியா, யார் கேட்கிறார்கள்?

நம்ம கோயமுத்தூரில் 'ஈரநெஞ்சம்' அமைப்பின் மகேந்திரனும் கூட்டாளிகளும் கேட்கிறார்கள். சடைபிடித்த முடியை வெட்டி, குளிப்பாட்டி, மாற்றுத்துணி உடுத்திவிட்டு, ஊர் பேரை விசாரிக்கிறார்கள். வாயில் வந்த அரைகுறை ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு, முகநூலில் படம் போட்டுத் தேடிச் சொந்தக்காரர்களிடம் சேர்த்திருக்கிறார்கள். (நாமெல்லாம் அங்கே சாப்பாட்டுப் படம் போடுகிறோம்.)

நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் விடுதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. கட்டிடம் கட்டிவிடலாமுங்க. சீழ் வைத்த காலைக் கழுவ ஆள்?